நிறுத்தட்டுமா என்று கேட்டவர்

செய்தி மெஹருன்னிசாவின் எண்ணிலிருந்தே வந்தது. நெல்லித்தோப்பில் வீட்டு வாசலில் சிலிண்டர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். விடுமுறை நாள் காலையில் அந்தப் பெயர் திரையில் தெரிந்தால் எனக்கு ஒரே பொருள்தான். ஆராய்ச்சி நிறுவனத்துப் பெரிய கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் என் வேலையில் ஏதோ கோளாறு. எடுத்த உடனே, "சொல்லுங்கக்கா, என்னோடத நிறுத்தணுமா?" என்று கேட்டேன். பேசியது அவருடைய கணவர் இக்பால் பாய்.

"மணி தம்பி, மெஹரு மவுத்தாயிட்டா. காலையில நெஞ்ச அடைக்குதுன்னா. ஆட்டோ புடிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர்தான் பேசிக்கொண்டே இருந்தார். அவள் போனில் இருக்கிற பெயர்களில் பாதி தனக்குத் தெரியாதவை, யாருக்கு முதலில் சொல்வது என்று புரியவில்லை, அதனால் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறேன் என்றார். அடுத்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டார். சிலிண்டர் வண்டி வந்தது. வாங்காமல் உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்தேன், தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். அன்று தொடங்கிய அலைச்சல் இன்னும் நிற்கவில்லை. இதையும் ஒரு பத்தி எழுதுவது, எழுந்து போவது, திரும்பி வருவது என்றுதான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தக் கணினிக்கு வேலை அனுப்புகிறவர்கள், ஆனால் மெஹருன்னிசாவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் உங்களுக்குத் தொலைபேசியில் வரும் ஒரு குரல். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "மெஹர் பேசறேன், உங்க வேல ஒண்ணு ஓடுது" என்று தொடங்கும் குரல். அவர் எதற்காக அப்படிக் கூப்பிட்டார், அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சம்மதம் கேட்காமலே அவர் நிறுத்திய வேலை என்னுடையது.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல கணினிகளை ஒரே குளிர் அறையில் அடுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, ஒரு பெரிய கணினியாக வைத்திருப்பதைத்தான் நாங்கள் கிளஸ்டர் என்கிறோம். அது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ஊரின் வெவ்வேறு மூலைகளிலிருந்தும் வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சி செய்பவர்கள், இருந்த இடத்திலிருந்தே கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, தங்கள் கணக்குகளை அதற்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கணக்கும் ஒரு வேலை. வேலைகள் வரிசையில் நிற்கும். இடம் காலியானதும் அடுத்தது ஓடத் தொடங்கும். காத்திருப்பதை அப்படியே நிறுத்தி வைக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் கதை வேறு. பாதியில் சேமித்துக்கொள்ளத் தெரிந்த வேலையாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் மெஹருன்னிசாவின் பொறுப்பு.

அவருக்கு நாற்காலி ஆகாது. மேசை மீது ஒரு மரப்பெட்டியை வைத்து, அதன் மேல் விசைப்பலகையை வைத்து, நின்றுகொண்டே தட்டுவார். வரிசையைக் காட்டும் கட்டளையை அடிப்பார், பார்ப்பார், ஜன்னல் வரை நடப்பார், திரும்பி வந்து மறுபடி அதையே அடிப்பார். இட்லிப் பொட்டலத்தைக் கையில் பிரித்துக்கொண்டு நடைகூடத்தில் நடந்தே சாப்பிட்டு முடிப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டதற்கு, "ஒவ்வொரு வரியிலயும் ஒருத்தர் பேரு இருக்குது மணி. அவங்க அங்க உக்காந்து இதே கட்டளைய அடிச்சிப் பாத்துட்டிருக்காங்க. நான் எப்படி உக்கார்றது?" என்றார்.

இந்தப் பேச்செல்லாம் பின்னால் வந்தது. முதலில் எங்களுக்குள் வெறும் மின்னஞ்சல் பழக்கம்தான். நான் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலோர நிலங்களில் உப்பு ஏறி நெல் கருகுவதைப் பார்த்து வளர்ந்தவன். நெல்லின் வேருக்குள் உப்பு எந்த வழியாக நுழைகிறது, அந்த வழியை அடைக்க முடியுமா என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் ஆராய்ச்சி. ஒரு ஐப்பசியில் என் கணக்கு ஒன்று வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எங்களிடம் இருந்த நிரல் பழையது, பாதியில் சேமிக்கத் தெரியாதது. ஓடி முடிந்தால்தான் உண்டு. முடிவதற்கு இன்னும் சில நாள்தான் பாக்கி.

அந்த நேரத்தில் வங்கக் கடலில் புயல் உருவானது. எங்கள் நிறுவனத்திலேயே கடல் நீர் கரைக்குள் எவ்வளவு தூரம் வரும் என்று கணிக்கும் குழு ஒன்று உண்டு. அவர்களுக்குக் கிளஸ்டர் முழுவதும் தேவைப்பட்டது. புயல் திசை மாறும் ஒவ்வொரு தடவையும் கணக்கை மறுபடி போட வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். அப்போதுதான் எந்தக் குப்பத்தில் எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்று அதிகாரிகளிடம் சொல்ல முடியும். மெஹருன்னிசா காத்திருந்த வேலைகளை நிறுத்தி வைத்தார். ஓடிக்கொண்டிருந்த வேலைகளுக்கு உரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சிலர் சரி என்றார்கள், சிலர் சண்டை போட்டுவிட்டுச் சரி என்றார்கள். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. அது நான். வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க அப்பாவுக்கு ஒத்தாசையாக ஊருக்குப் போயிருந்தேன். காற்றில் செல்போன் கோபுரம் செத்துப்போயிருந்தது. காலையிலிருந்து மாலைவரை அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் என் வேலையை ரத்து செய்தார்.

புயல் கரையைக் கடந்தது, ஆனால் இங்கே அல்ல. வடக்கே வெகுதூரம் போய், வலுவிழந்து கரையேறியது. எங்கள் கரையில் காற்றும் நல்ல மழையும், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்பி, முதல் வேலையாக வரிசையைத் திறந்து பார்த்தேன். என் வேலைக்கு நேராக ரத்து என்று இருந்தது. வழக்கமாக நிர்வாகி ரத்து செய்தால் கணினியே ஒரு பொதுவான செய்தியை அனுப்பும். எனக்கு வந்திருந்ததில் அவர் கையால் தட்டிய ஒரு வரி இருந்தது. ரத்து செய்தது மெஹருன்னிசா, காரணம் நேரில் சொல்கிறேன் என்று. அந்த மாதங்கள் முழுக்க என் வீட்டில் எத்தனை பேச்சு அந்த ஒரு கணக்கைச் சுற்றி நடந்தது என்று சொல்லி மாளாது. ஆராய்ச்சித் திட்டத்தின் நீட்டிப்பே அந்த முடிவைத்தான் நம்பியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நான் யார் என்று கேட்கவில்லை.

"நான்தான் பண்ணேன். தெரிஞ்சேதான் பண்ணேன்," என்றார். "உங்கள புடிக்க முடியல. வேற வழி இருந்தா பண்ணியிருக்க மாட்டேன்."

"தண்ணி வரவே இல்லையே மேடம்."

"வரலன்னு இன்னிக்குத் தெரியுது. அன்னிக்கு எனக்குத் தெரியாது."

அது உண்மை என்பதாலேயே எனக்குக் கோபம் கூடியது. சரி, நடந்தது நடந்துவிட்டது, மறுபடி அனுப்புகிறேன், என்னை வரிசையில் முன்னால் போடுங்கள் என்று கேட்டேன். அது நியாயம் என்றுதான் நினைத்தேன். அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பினார். தங்கள் வேலையைத் தாங்களே விட்டுக்கொடுத்தவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் நிற்கிறார்கள், அவர்களைத் தாண்டி என்னை விட முடியாது என்றார். நிரலைப் பாதியில் சேமிக்க வைக்கத் தன்னால் ஆன உதவியைச் செய்வதாகவும், அதற்கு அன்றைக்கே உட்காரலாம் என்றும் சொன்னார். உட்காரலாம் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது கேலியாகப் பட்டது. கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தேன். அன்று மாலையே இயக்குநருக்குப் புகார் எழுதினேன்.

புகார் கொடுத்தது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஒருவருடைய பல வார உழைப்பை இன்னொருவர் ஒற்றைக் கட்டளையில் அழிக்கலாம் என்றால், எப்போது, யார் சொல்லி என்று ஒரு விதி வேண்டும். எங்களிடம் அது இல்லை. இயக்குநர் அறையில் விசாரணை நடந்தபோது மெஹருன்னிசாவும் இதையேதான் சொன்னார். உங்களுக்கு இந்த அதிகாரம் யார் கொடுத்தது என்று இயக்குநர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, விசைப்பலகை கையில் இருந்தது, அதனால் செய்தேன், இனி அப்படி இருக்கக் கூடாது, ஒரு விதி எழுதுங்கள் என்றார் அவர். குரலில் பணிவும் இல்லை, திமிரும் இல்லை. நான் அவர் மன்றாடுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். இயக்குநர் விதி எழுதவில்லை. விதி வரும் வரைக்கும் என்று சொல்லி, அவரிடமிருந்த ரத்து செய்யும் அதிகாரத்தை எடுத்துவிட்டார். இனி எதை நிறுத்துவதாக இருந்தாலும் இயக்குநரின் கையெழுத்து வேண்டும்.

அடுத்து வந்த மாதங்களில்தான் நான் அவரை அறிந்துகொண்டேன். ஒரு நாள் மதியம் வேறு காரியமாக அந்தப் பக்கம் போனேன். மெஹருன்னிசா நடைகூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய வேலை தப்பாகப் போய், கணினிகளின் நினைவகத்தை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதனோடு சேர்ந்து மற்றவர்களின் வேலைகளும் செத்துக்கொண்டிருந்தன. உரியவரைக் கூப்பிட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். கையெழுத்து இல்லாமல் தொட முடியாது. என்னைப் பார்த்தவுடன் நின்றார்.

"முசே உள்ள டீ குடிச்சிட்டிருக்காரு," என்றார். இயக்குநரை அவர் அந்தப் பிரெஞ்சு மரியாதைச் சொல்லால்தான் சொல்வார். "இங்க ஒவ்வொண்ணா விழுவுது. என் கண்ணால பாக்கணும், கையால தொடக்கூடாது. இது உன் புகார்லயே இல்லாத தண்டன மணி."

அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வயிற்று வலியைச் சொல்வது மாதிரி சொன்னார். அன்றைக்குத்தான் என்னை முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தார், ஒருமையில் பேசினார். அவரோடு சேர்ந்து நானும் நடக்கத் தொடங்கினேன். கூட்டம் முடிந்து இயக்குநர் வெளியே வருவதற்குள் இழக்கக்கூடியதெல்லாம் போயிருந்தது. போனவற்றில், முதல் புயலின்போது முணுமுணுக்காமல் வழிவிட்ட ஒருவருடைய வேலையும் ஒன்று. மெஹருன்னிசா உடனே அவரைக் கூப்பிட்டார். என் கண்ணெதிரில் போனது, நிறுத்த முடியவில்லை, மன்னியுங்கள் என்றார். என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தையை, தான் செய்யாத ஒன்றுக்காக இன்னொருவரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் சேர்ந்து விதியை எழுதினோம். எழுதினோம் என்றால், அவர் நடந்துகொண்டே சொல்வார், நான் மறுப்பேன், அவர் மறுபடி சொல்வார். மேசையில் தேநீர் ஆறிப்போகும். கடைசியில் இரண்டு விஷயங்களில் வந்து நின்றோம். அவசரம் என்றாலும் ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, பயனாளர்களில் ஒருவரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். இரண்டாவது, வேலை அனுப்பும் ஒவ்வொருவரும் தங்களைப் பிடிக்க முடியாதபோது கூப்பிட வேறு ஓர் எண்ணைத் தர வேண்டும். இந்த இரண்டாவது அவருடைய பிடிவாதம். இயக்குநருக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டார், அதிகாரத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

பலர் மனைவியின் எண்ணைக் கொடுத்தார்கள், சிலர் விடுதிக் காப்பாளருடையதை. நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் எண்ணைக் கொடுத்தேன். மெஹருன்னிசா எல்லா எண்களையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். எங்கள் சொசைட்டிச் செயலாளர், உன் மகன் ஆபீசிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, மழையில் உங்களுக்கு லைன் கிடைக்குமா, வீட்டுக்கு ஆள் அனுப்புவீங்களா என்று கேட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டது என்று அப்பாவிடம் சொன்னாராம். பிறகு செயலாளருக்கும் மெஹருன்னிசாவுக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்காமலே என் ஊரில் மழை பெய்ததா என்று அவருக்குத் தெரியும்.

என் நிரலையும் அவர் விடவில்லை. பாதியில் சேமிக்க வைக்கும் வேலையில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. அடிக்கடி சேமித்தால் கணக்கு மெதுவாகும் என்பது என் வாதம். மெதுவாகப் போனாலும் சாகாமல் போகும் என்பது அவருடையது. அவருக்கு என் வேர் ஆராய்ச்சி ஒன்றும் தெரியாது, எனக்கு அவருடைய கணினி ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஆள் தப்பு செய்து, ஆளுக்கு ஆள் திருத்தி, ஒரு வழியாக ஓட வைத்தோம். வரிசையில் என் முறை வந்தபோதுதான் அது ஓடத் தொடங்கியது. ஒரு இடம்கூட முன்னால் போடவில்லை அந்தப் புண்ணியவதி.

நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போன அந்த நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருக்கும். மெஹருன்னிசா ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியோடு படகில் எழுந்து நின்றுவிட்டார். கையில் போன், போனில் அந்தக் கறுப்புத் திரை. யாரோ ஒரு மாணவர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப அனுப்பும்படி தவறாக எழுதிவிட்டிருக்கிறார். வரிசை ஆயிரக்கணக்கில் வீங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் வந்து வந்து போனது. இக்பால் பாய் அங்கியின் வாரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கொஞ்சம் கரைப் பக்கமா திருப்புங்க, டவர் கெடைக்கட்டும்" என்றார் மெஹருன்னிசா. படகுக்காரர், டிக்கெட்டு வாங்குனது கடலுக்கு என்று சொல்லிவிட்டு நேராகப் போனார். படகே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிக்னல் கிடைத்த ஒரு நொடியில் முதலில் அந்த மாணவரைத்தான் கூப்பிட்டார். "தம்பி, உன் வேல நிக்காம போயிட்டிருக்குது. நிறுத்தட்டுமா? சரின்னு சொல்லு, காத்துல கேக்கல, சத்தமா சொல்லு." அந்தப் பிள்ளை சொன்னது படகில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கடற்கரையில் இறங்கிய பிறகும் அவர் மணலில் கால் வைத்ததாகவே தெரியவில்லை. சிக்னலைத் தேடி சவுக்குத் தோப்பு வரை நடந்துவிட்டார். இக்பால் பாய் இரண்டு ஐஸ்கிரீம்களைக் கையில் உருக விட்டபடி பின்னாலேயே போனார்.

பிறகு இன்னொரு புயல் வந்தது. இம்முறையும் என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, இம்முறையும் நான் ஊரில்தான் இருந்தேன். மதியம் சொசைட்டியிலிருந்து ஆள் ஓடி வந்தார். தரைவழி போனில் மெஹருன்னிசா.

"மணி, கடல் குழுவுக்கு மொத்தமும் வேணும். உன்னோடத நிறுத்தட்டுமா?"

சேமிப்பு சரியாக வேலை செய்கிறதா என்று நாங்கள் சின்ன கணக்குகளில்தான் பார்த்திருந்தோம். இவ்வளவு பெரியதை நிறுத்தி எழுப்பியதில்லை. எழாமல் போனால் மறுபடி முதலிலிருந்து. அதை அவரிடம் சொன்னேன். எழும் என்று அவர் உறுதி சொல்லவில்லை.

"எழுந்துக்கலாம், எழாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

வெளியே காற்று தகரக் கூரையை ஆட்டிக்கொண்டிருந்தது. செயலாளர் பால் கேன்களை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெண்மணி என்னை அவசரப்படுத்தவே இல்லை. ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர், அந்த முனையில் பேசாமல் காத்திருந்தார். "நிறுத்துங்கக்கா" என்றேன். அக்கா என்று முதல்முறை வாயில் வந்தது அப்போதுதான். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தத் தடவை தண்ணீர் வந்தது. கடல் குழுவின் வரைபடம் மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. பள்ளமான தெருக்களில் இருந்தவர்களை இருட்டுவதற்கு முன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலையில் அந்த வீடுகளுக்குள் கடல் நின்றது, ஆட்கள் இல்லை. நிறுவனத்தில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கூடிவிட்டார்கள். இயக்குநர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா அங்கே இல்லை. தன் அறையில் நின்று, நிறுத்தி வைத்தவற்றை யார் முதலில் விட்டுக்கொடுத்தார்களோ அந்த முறையிலேயே ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். என்னுடையது உடனே எழவில்லை. மூன்றாம் முறை முயன்றபோதுதான் எழுந்தது. அதை எனக்குச் சொல்லக் கூப்பிட்டார். குப்பத்தில் ஒருவரும் சாகவில்லையாம் என்றேன். "கேள்விப்பட்டேன், அல்ஹம்துலில்லாஹ். உன்னோடதும் ஓடுது, வந்து பாரு," என்றார்.

அந்த வேர் ஆராய்ச்சி முடிந்து கட்டுரையாக வெளிவந்தது. நன்றி சொல்லும் பத்தியில் அவர் பெயரைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, இதில் என் பெயர் எதற்கு, உனக்கு முன்னால் விட்டுக்கொடுத்தவர்கள் பெயரைப் போட்டிருக்கலாம் என்றார். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாதே என்றேன். "அதான் தப்பு," என்றார்.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுத் தெரு குறுகலானது. அன்று அங்கே ஷாமியானா போட்டிருந்தார்கள். பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. உறவுக்காரர்கள், இக்பால் பாய் கடைக்கு வருபவர்கள், மெஹருன்னிசாவோடு படித்தவர்கள் என்று ஒரு கூட்டம். அதில் ஒட்டாமல், ஓரமாக, ஒருவரை ஒருவர் தெரியாமல் நின்ற இன்னொரு கூட்டமும் இருந்தது. இருசக்கர வண்டியில் வந்தவர்கள், கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து பிடித்து வந்தவர்கள். யாரென்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாத முகங்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் நீங்கள் எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். அவர் தயங்கி, "நான் சேகர் ஏழு" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. வரிசையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம், பெயரும் ஓர் எண்ணுமாக. பல வருடங்களாக நான் அந்தப் பெயருக்குக் கீழே காத்திருந்திருக்கிறேன், அதைத் திட்டியிருக்கிறேன். "நான் மணி மூணு," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள்தானா அந்த நெல்லு ஆள், மெஹர் மேடம் நீங்கள் வழிவிட்டதைச் சொல்லித்தான் இரண்டு தடவை என் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார் என்றார். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தன்னை லதா இரண்டு என்று சொன்னார். மேகங்களைக் கணக்கிடுகிறவர். தன் கண்ணெதிரில் செத்துப்போன வேலைக்காக மெஹருன்னிசா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டது இவரிடம்தான். எங்கள் எல்லோருக்கும் அவர் மற்றவர்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். யாருக்கு எதற்கு அவசரம், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யாருக்கு எந்தக் கணக்கு மூன்றாம் முறையாகத் தோற்றது என்று. அவர் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தோம், பார்த்ததுதான் இல்லை. அவரைச் சுமந்துகொண்டு ஜனாஸா கிளம்பியது. நாங்களும் பின்னால் நடந்தோம்.

அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இந்த வாரம் கிளஸ்டரில் பாதி இயந்திரங்கள் குளிர்சாதனப் பழுதால் நின்றுபோயின. வரிசை அசையவில்லை. அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. பயனாளர்கள் ஆளுக்கொரு மின்னஞ்சலை இயக்குநருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் எழுதியிருந்த ஒரு மாணவியின் ஆய்வேடு இந்த வாரத்தோடு முடிய வேண்டும், அவளுடைய சின்ன வேலை ஒன்று காத்திருந்தது. அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது லதாவின் பெரிய வேலை. எனக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அன்று முத்தியால்பேட்டைத் தெருவில் லதாவிடம் வாங்கிக்கொண்ட எண்ணைத் தேடி எடுத்தேன்.

என்னவென்று தொடங்குவது என்று புரியாமல், "மணி பேசறேன், உங்க வேல ஒண்ணு ஓடுது" என்றேன். அந்தப் பக்கம் லதா அழுதார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பொண்ணு பேரு என்ன, எந்த ஊரு என்று கேட்டார். சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் எடுத்துக்கச் சொல்லுங்க, நானே நிறுத்தி வைக்கிறேன் என்றார்.

மெஹருன்னிசாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். முகம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு நட்டமாகும் ஒன்றைச் செய்வீர்களா என்று கேட்க, எனக்கு இப்போது கூச்சமாக இல்லை.